கிருஷ்ணன் பாடு

வேலூர் சிறை
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா கோமளாவுக்கு,

தம்பி ராஜவேலு எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அம்மாவும் ஜமுனாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசுக்கும் ஒன்றுமில்லாமல் போகும்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்து, "உன் கொரல் என் காதுல வுழக் கூடாது, இன்னா சொல்லணுமோ எழுது"ன்னு சொல்லி வைத்துவிட்டாய். சரி என்று காகிதம் வாங்கிவிட்டேன். பத்தாவதில் தமிழில் நான் வாங்கிய மார்க் உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள். இங்கே வருகிற கடிதம் போகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுகிறார்கள். அதனால் நீயும் பார்த்து எழுது.

பொங்கல் வருகிறது. வருஷா வருஷம் வரிசைத்தட்டோடு சவுக்குமேட்டிலிருந்து படகில் ஏரியைக் கடந்து உன் கரைக்கு வருவேன். கரும்பு நனைந்துவிட்டது என்று நீ திட்டுவாய். இந்த வருஷம் திட்டு வாங்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கிருஷ்ணன் மாமா தவறியதிலிருந்து நம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் நன்னிலைச் சான்றிதழை ஆபீசில் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். தலைவர் நான் உள்ளே இருப்பது ஒரு காரணம். சங்கத்தின் மேல் நீ கொடுத்திருக்கும் புகார் மனு இன்னொரு காரணம். என் ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி ஆனது. இவனை வெளியே விட்டால் சவுக்குமேடு, கருந்திட்டு இரண்டு ஊரும் வெட்டிக்கொள்ளும் என்கிறார்கள். வக்கீல் பிராங்க்ளின் சொல்கிறார்: சங்கத்துக்குள் தகராறு எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சர்க்காரே முத்திரை போட்டு அந்தச் சான்றிதழை மறுபடி கொடுத்துவிட்டால், அதைக் கோர்ட்டில் காட்டி என்னை எடுத்துவிடலாமாம். நீ மனுவைத் திரும்ப வாங்கினால் போதும்.

நீரடித்து நீர் விலகாது அக்கா. யோசித்து எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புத் தம்பி
ராஜவேலு

---

கருந்திட்டு
30 ஜனவரி 2025

ராஜவேலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இருந்துகொள். ஜமுனா பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் உன் முகம் இருந்த போட்டோ எல்லாவற்றையும் எடுத்து உன் முகத்தை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டாள். அவள் காது குத்தில் நீ மடியில் வைத்திருந்த போட்டோவும் அதில் ஒன்று.

மாமா தவறிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவர் கால் தவறி விழுந்தாரா? நீ அடித்துக் கொன்றாய். நான் பார்த்து எழுதத் தேவையில்லை. படிக்கிற அதிகாரியும் தெரிந்துகொள்ளட்டும்.

முகத்துவாரக் கால்வாயில் ஒருநாள் சவுக்குமேடு, ஒருநாள் கருந்திட்டு. கோயிலில் சீட்டு போட்டு எந்த நாள் யார் பாடு என்று வைப்பது. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை கட்டுவதில்லை. காய்ச்சலில் படுத்து அவன் வராமல் போனாலும் அந்தத் தண்ணீர் அன்றைக்குச் சும்மாதான் கிடக்கும். நம் நைனா உனக்குப் படகு தள்ளக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்தார். நீ என்ன செய்தாய்? சங்கத்துக்குச் சான்றிதழ் வந்ததும் இனிமேல் பாடும் கிடையாது சீட்டும் கிடையாது, சர்க்காரே கால்வாயை நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று மைக் வைத்துப் படித்தாய். உங்கள் ஊரில் வெடி வெடித்தார்கள். இந்தக் கரையில் எங்களுக்கு அது கேட்டது.

அன்றைக்குக் கருந்திட்டு நாள். என் வீட்டுக்காரர் பாடு. பெண்கள் எல்லோரும் கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். நீ நாலைந்து படகோடு வந்து வலை கட்டக் கழி ஊன்றினாய். சான்றிதழுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படம் மாதிரி படகின் முன்பக்கம் அணியத்தில் கட்டியிருந்தாய். அவர் உன் படகில் ஏறி அதைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தார். நீ படகு தள்ளும் கழியை எடுத்து மண்டையில் போட்டாய். விழுந்தார். இடுப்பளவு தண்ணீர்தான், எழுந்து உன் படகின் விளிம்பைப் பிடித்தார். நான் கரையிலிருந்து, "வேலு, வேணாண்டா"ன்னு கத்தினேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மறுபடி அடித்தாய்.

இரண்டாவது அடியை நான்தான் போலீசில் சொன்னேன். உன்னை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதுதான்.

எங்கள் ஆட்கள் அன்று சாயங்காலமே சவுக்குமேட்டுக்குப் போய்ப் படகுகளைக் கொளுத்தினார்கள். காற்று திரும்பி நம் அம்மா வீட்டுக் கூரையும் பிடித்தது. அவளை நான் இங்கே தூக்கி வந்துவிட்டேன். இடது கால் முழங்கால் வரை வெந்துபோயிருக்கிறது. கொலைகாரனைப் பெற்றவளைக் கூட்டி வைத்திருக்கிறேன் என்று குழாயடியில் எனக்கு யாரும் இடம் விடுவதில்லை. என் கொழுந்தன் தனசேகர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். அவனும் பேசுவதில்லை.

மனுவை வாங்க மாட்டேன்.

கோமளா

---

வேலூர் சிறை
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். அம்மா காலுக்கு என்ன மருந்து போடுகிறாய்? வெந்த புண்ணுக்கு மீன் எண்ணெய் தடவாதே. இங்கே ஒரு கம்பவுண்டர் கைதி சொன்னான், ஆஸ்பத்திரி களிம்புதான் போட வேண்டுமாம்.

நீ எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பக்கமும் கொஞ்சம் கேள். அந்தக் காகிதத்துக்கு நான் எவ்வளவு நடந்தேன் என்று உனக்குத் தெரியாது. நம் சங்கம் பேருக்குத்தான் சங்கம். கூட்டம் இல்லை, தணிக்கை இல்லை, தேர்தல் இல்லை. நான் தலைவரான பிறகுதான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். உங்கள் கருந்திட்டு ஆட்கள் கூப்பிட்டால் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அவர்கள் பெயரை நீக்கினால்தான் கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கு வரும் என்றார்கள், நீக்கினேன். சான்றிதழ் வந்தபோது அதில் செயல் எல்லை என்று போட்டு, சவுக்குமேடும் முகத்துவாரக் கால்வாயும் என்று தெளிவாக அடித்திருந்தது. பச்சை மை கையெழுத்து, வட்ட முத்திரை. அதைப் பார்த்தால் யார்தான் தண்ணீர் நமக்குத்தான் என்று நினைக்க மாட்டார்கள்? சீட்டு போடுவது பெரியவர்கள் செய்த ஏற்பாடு. முத்திரை சர்க்கார் செய்தது. எது பெரியது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மாமா அதைப் பிய்த்து எறிந்தபோது என் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. மற்றதை விடு.

ஜமுனா செய்தது சரிதான். தாய்மாமன் முகம் இல்லாவிட்டால் போட்டோ ஒன்றும் கெட்டுப்போகாது.

உன் தம்பி
ராஜவேலு

---

கருந்திட்டு
20 மார்ச் 2025

ராஜவேலுவுக்கு,

அம்மாவுக்குப் புண் ஆறி வருகிறது. கோல் ஊன்றி நடக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம், சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

கூட்டுறவு ஆபீசிலிருந்து ரோஸ்மேரி என்று ஒரு சார்பதிவாளர் அம்மா வந்தார். புயல் பாதுகாப்பு மையத்தில் இரண்டு ஊரையும் உட்கார வைத்து உறுப்பினர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். "மொதல்ல செத்தவன் பேர அடிங்க, அப்புறம் மத்தத பேசுவோம்"னு உன் கூட்டாளி ரஞ்சித்குமார் சொன்னான். அவன் சொன்னது என் வீட்டுக்காரரை. தனசேகர் நாற்காலியைத் தூக்கி அவன் தாடையில் அடித்தான். பல் தெறித்து ரோஸ்மேரி அம்மா காகிதத்தின்மேல் விழுந்தது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதே. மீன் வெட்டும் கத்தியும் மீன் குத்தும் மண்டாவும் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. எங்கள் ஊர் மாணிக்கத்துக்கு இரண்டு விரல் போயிற்று. ரஞ்சித்குமாருக்கு மண்டா தொடையில் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் வந்துவிட்டது. வெளியே இருந்து வந்த கல் ரோஸ்மேரி அம்மாவின் நெற்றியைக் கிழித்தது. போலீஸ் வந்துதான் நின்றது.

நான்தான் என் புடவையைக் கிழித்து அவருக்குக் கட்டுப்போட்டேன். அந்தச் சான்றிதழில் தண்ணீரைப் பற்றி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணியப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லம்மா"ன்னு சொன்னார். "சங்கம் கூட்டம் போடுது, எலெக்‌ஷன் நடத்துது, தணிக்கை பண்ணியிருக்குன்னு சொல்ற காகிதம். செயல் எல்லைன்னா எந்த ஊர் ஆளுங்க உறுப்பினரா சேரலாம்னு அர்த்தம். அவ்ளோதான்."

அப்படியானால் என் வீட்டுக்காரர் எதற்காகச் செத்தார் என்று கேட்டேன்.

மறுநாளும் ரோஸ்மேரி அம்மா வந்தார். வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. கருந்திட்டு பெயர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே தேர்தல் நடத்த வேண்டும், மனு நிலுவையில் இருக்கக் கூடாது, அப்புறம்தான் சான்றிதழ் என்று சொல்லிவிட்டுப் போனார். அது இல்லாமல் மானிய டீசலும் வராது, நிவாரணமும் வராது. இங்கே பல வீடுகளில் ஒருவேளைதான் உலை கொதிக்கிறது. சவுக்குமேட்டிலும் அப்படித்தானாம். என்னைத் தலைவராக நிற்கச் சொல்கிறார்கள். பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் எனக்குக் கெடுதல் செய்துவிட்டதால் நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேனாம். நல்ல யோக்கியதை.

மனுவை வாங்கப்போகிறேன். உனக்காக இல்லை.

கோயிலில் மறுபடி சீட்டு போட்டார்கள். செத்தவன் பாடு பெண்டாட்டிக்கு, அதுதான் வழக்கம். அவர் பாடு எனக்கு வந்தது. தனசேகரை அதில் வலை போடச் சொன்னேன். "இப்ப வேணாம் அண்ணி"ன்னான். அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கிறது.

கோமளா

---

வேலூர் சிறை
2 ஏப்ரல் 2025

சங்கத் தலைவர் அக்கா அவர்களுக்கு,

சாதாரண உறுப்பினன் ராஜவேலு வணக்கத்துடன் எழுதுவது. கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதம் படித்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பிராங்க்ளினிடம் சொன்னேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் நகலை அனுப்பச் சொன்னார். சின்ன வயசில் ஊர்க் குழந்தைகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி நாட்டாமை செய்தவள்தானே நீ. இப்போது சம்பளமில்லாமல் செய்யப்போகிறாய்.

அம்மா நடக்கிறாள் என்று படித்தபோது அழுதுவிட்டேன்.

என் உடம்பு பரவாயில்லை. பரவாயில்லை என்றால் முழுக்கப் பரவாயில்லை என்று இல்லை. போன வாரம் குளிக்கிற இடத்தில் ஒருத்தன் தேய்த்துக் கூராக்கின ஸ்பூனை என் விலாவில் இறக்கிவிட்டான். முன்பின் பார்த்ததில்லை. "கருந்திட்டுலேர்ந்து"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். தையல் போட்டிருக்கிறார்கள். சிரித்தால் வலிக்கிறது, அதனால் இங்கே நஷ்டம் ஒன்றுமில்லை.

தனசேகர் எப்படி இருக்கிறான்? அதை மட்டும் மறக்காமல் எழுது.

தம்பி
ராஜவேலு

---

கருந்திட்டு
18 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

காயம் ஆறிவிட்டதா? சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். அம்மாவிடம் சொல்லவில்லை.

வெயில் கொளுத்துகிறது. ஏரி வற்றிச் சேறு நாறுகிறது. ஜமுனாவுக்குப் பரீட்சை முடிந்தது. எங்கள் கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. திருப்பாலைவனத்தில் சந்தை நாளில் கருவாடு நல்ல விலைக்குப் போனது. ரஞ்சித்குமார் நொண்டிக்கொண்டே வந்து ரோஸ்மேரி அம்மாவிடம் கருந்திட்டு பெயர்களைச் சேர்க்க ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து போட்டான். மாணிக்கம் மீதி இருக்கிற விரல்களால் போட்டார். தேர்தல் அடுத்த மாதம் வைக்கிறார்கள். எதிர்த்து நிற்க யாரும் மனு கொடுக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

கோமளா

---

வேலூர் சிறை
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்துப்போன ஆட்டுக்குட்டிக்குக்கூட அதில் இடம் இருக்கிறது. தனசேகர் பெயர் இல்லை. நான் கேட்டதே அது ஒன்றுதான்.

அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?

ராஜவேலு

---

கருந்திட்டு
25 ஜூன் 2025

தம்பி ராஜவேலுவுக்கு,

அம்மாவும் ஜமுனாவும் நலம். எனக்கு நெஞ்செரிச்சல். மாத்திரை சாப்பிடுகிறேன். உன் கடிதத்தை இத்தனை நாளும் அரிசிப் பானையின்மேல் வைத்திருந்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது இன்றைக்கு எழுதிவிடலாம் என்று நினைப்பேன். எழுத முடியவில்லை. எழுதினால் ஒருத்தனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும், எழுதாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று இருந்தது.

தேர்தல் முடிந்து நான் தலைவர். சான்றிதழ் வந்துவிட்டது. அதற்கு முன் ரோஸ்மேரி அம்மா என் எதிரில் ஒரு உறுதிமொழிக் காகிதத்தை வைத்தார். உறுப்பினர்களுக்குள் பகை, தகராறு எதுவும் நிலுவையில் இல்லை என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்துப் போடுங்கம்மா என்றார். படித்தேன். எழுத்துக்கு எழுத்து பொய். போட்டேன். வெளியே இரண்டு ஊர்ப் பெண்களும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஜெயிலில் உன்னைக் குத்தச் சொன்னாயா என்று தனசேகரிடம் நேராகவே கேட்டேன். அவன் ஒரு அரத்தை வைத்து மண்டாவின் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஏன் அண்ணி ஆள் அனுப்பப் போறேன்? உள்ள எவனோ குத்தி அவன் செத்தா அது அண்ணனுக்கு செஞ்சதா ஆவாது. அவன் வரட்டும். கால்வாயில, அதே எடத்துல, நான் எறங்கணும்"ன்னான்.

அவன் அண்ணன் செத்ததிலிருந்து தண்ணீரில் இறங்கவில்லை. மழிக்கவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்த மண்டாவை எடுத்துப் பார்க்கிறான். போன மாதம் உன் ஊர் ஆள் ஒருத்தன் எதிரே வந்தபோது சும்மா பழக்கிப் பார்க்கிற மாதிரி அதை அந்த ஆளின் நாயின்மேல் எறிந்தான். நாய் கத்தவே இல்லை.

சான்றிதழ் வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு நகல் கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். உன் வக்கீல் பிராங்க்ளின் கையில் இருக்கிறதே நகல், அதைப் பஸ் பிடித்துப் போய்க் கொடுத்தது அவன்தான். உன்னைச் சீக்கிரம் வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டானாம். கிருஷ்ணன் வீட்டு ஆளே வந்து கேட்கிறான், இதைவிட சமாதானம் என்ன வேண்டும் என்று பிராங்க்ளின் என்னிடம் போனில் சந்தோஷப்பட்டார்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்த நிமிஷம் எனக்கும் நீ வர வேண்டும் என்றுதான் இருந்தது. வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தே இருந்தது.

கோமளா

---

வேலூர் சிறை
10 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் நன்றாக இரு.

ஜாமீன் கிடைத்துவிட்டது. சான்றிதழைக் காட்டியதும் ஜட்ஜ் அதிகம் கேட்கவில்லையாம். திருப்பாலைவனம் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து போட வேண்டும் என்று நிபந்தனை. ஆந்திரா பக்கம் எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வந்தால் ஊருக்குத்தான் வர வேண்டும். இன்னும் ஜாமீன்தாரர் கையெழுத்து போடவில்லை. நான் வேண்டாம் என்றால் இங்கேயே இருந்துவிடலாம். பிராங்க்ளின் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மண்டா தினமும் கனவில் வருகிறது.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நீ கத்தினது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கூடையோடு தண்ணீருக்குள் ஓடி வந்துகொண்டிருந்தாய். என் அக்கா எனக்காக இல்லாமல் அவருக்காக ஓடி வருகிறாளே என்று ஒரு ஆத்திரம் வந்தது. அதில்தான் இரண்டாவது அடி விழுந்தது. சான்றிதழ் எல்லாம் முதல் அடிக்குத்தான்.

வரவா, வேண்டாமா? நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

வேலு

---

கருந்திட்டு
24 ஜூலை 2025

வேலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே இருக்க முடியாமல் வாசலில் போய் உட்கார்ந்தேன். அம்மா என்னவென்று கேட்டாள். சூடு என்று சொன்னேன். அவள் உடம்பு இப்போது தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சீட்டு போட இரண்டு ஊரும் கூடின. உனக்கு ஜாமீன் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். தனசேகர் மண்டாவோடு வந்து உட்கார்ந்திருந்தான். யாரும் அதை வெளியே வைக்கச் சொல்லவில்லை. உங்கள் ஊர் ஆட்களும் மடியில் எதையோ வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். நீ வந்து அவன் உன்னைக் குத்தினால் அன்றைக்கே அவனையும் வெட்டுவார்கள், அடுத்து இங்கே ஒருத்தன் எழுந்திருப்பான். நான் கையெழுத்து போட்ட காகிதத்துக்கு அப்போது என்ன மதிப்பு? ஜமுனா வயசுக்கு வரும்போது இந்த இரண்டு ஊரிலும் ஆம்பளை மிஞ்ச மாட்டான்.

சீட்டுப் பானையை எடுப்பதற்குமுன் நான் எழுந்து, எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் தமிழ்வாணனிடம், என் வீட்டுக்காரர் பாடு யாருக்கு வந்தது என்று கேட்டேன். "உனுக்குத்தாம்மா, அதுல இன்னா சந்தேகம்"னார்.

"தண்ணி மட்டுமா வந்துச்சு? அவருக்காகப் பழி வாங்குற பாடும் எனக்குத்தான் வந்துச்சு. வேலுவ இன்னா பண்றதுன்றது என் பாடு. என் பாட்டுல வேற எவன் எறங்குனாலும் அவன் வேலு பண்ணதத்தான் பண்றான்"னு சொன்னேன்.

தனசேகர் எழுந்து வந்தான். "நீ எப்ப எறங்குவ அண்ணி?"ன்னான்.

"அது என் இஷ்டம். நான் எறங்காம வுட்டாலும் அந்தத் தண்ணி சும்மாதான் கெடக்கணும். அதான நம்ம வழக்கம்?"

கன்னத்தில் அறைந்தான். பல் உதட்டைக் கிழித்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. மறுபடி அறைந்தான். யாரும் தடுக்கவில்லை, நானும் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவன் அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. தமிழ்வாணன் பெரியவர், கோமளா சொன்னது வழக்கம்தான், யாராவது மறுக்கிறீர்களா என்று இரண்டு ஊரையும் கேட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை. தனசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் சீட்டை எடுத்தான். நேற்று தண்ணீரில் இறங்கினான்.

அதனால் நீ வரலாம். உன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். சர்க்கார் முத்திரையை நம்பி நீ உடைத்த வழக்கத்தைத்தான் நான் உனக்குக் காவலாக வைத்திருக்கிறேன். இதை அன்பு என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எழுதிய அந்த இரண்டாவது அடியை நான் மன்னிக்கவில்லை. நான் ஊரைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லவில்லை. பாடு என்னுடையதுதான்.

வந்தால் சவுக்குமேட்டில் இரு. அம்மாவை வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு அனுப்புகிறேன், அங்கே பார்த்துக்கொள். ஸ்டேஷனுக்குப் போகும்போது எங்கள் கரை வழியாகப் போகாதே, சுற்றிப் போ. எங்கேயாவது என்னை எதிரில் கண்டால் நின்று பேசாதே. நான் எப்போது இறங்குவேன், இறங்குவேனா மாட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியாது.

கிருஷ்ணன் மனைவி
கோமளா